ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்பதற்குச் சாட்சி

என் கணவர் என்னோடு வசிக்கவில்லை என்று என் அண்ணன் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் கணவர் மொட்டை மாடியில் அண்ணன் வீட்டுத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. எங்கள் துணிகளை எடுத்தவருக்கு அண்ணியின் புடவைகளையும் அண்ணன் மகளின் சுடிதார்களையும் நனையவிட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மடித்துக் கீழே கொண்டுபோய் அவர்கள் வாசல் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குள் போலீஸ்காரர் போய்விட்டிருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் இருவருக்குமே எதுவும் தெரியாது.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் நானும் அண்ணனும் வளர்ந்தோம். ஓய்வு பெற்றதும் வெள்ளானூரில் மனை வாங்கி, கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டினார். கீழே அண்ணன் குடும்பம். மேலே நானும் என் கணவரும்.

என் கணவர் கென்யாக்காரர். வேலப்பன்சாவடியில் நான் நூலகராக இருக்கும் கல்லூரிக்குப் படிக்க வந்தவர். மற்ற மாணவர்கள் ஆங்கிலத்தில் புத்தகம் கேட்பார்கள். இவர் டீக்கடையில் கற்றுக்கொண்ட தமிழில், "அக்கா, அந்தப் பச்ச கலர் புக்கு கீதா?" என்று கேட்டார். அக்கா என்பதை விட்டுவிட இரண்டு வருடம் ஆயிற்று. படிப்பு முடிந்து அவர் ஊருக்குப் போய், திரும்பி வந்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அப்பா ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. அண்ணன் பேசினார், என்னோடு மட்டும். என் கணவரைப் பார்த்து ஒரு நாளும் "மாப்ளே" என்று கூப்பிட்டதில்லை. இவர் மட்டும் படியில் எதிர்ப்படும்போதெல்லாம் "இன்னா மச்சான், சாப்ட்டீங்களா?" என்பார். அண்ணன் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு போய்விடுவார்.

இந்தியரின் கணவர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு வருட விசா. வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். அந்த விசாவில் அவர் வேலைக்குப் போக முடியாது. முதல் இரண்டு வருடமும் விண்ணப்பம் போட்டோம், உள்ளூர்ப் போலீஸ் விசாரணைக்கு வந்துபோனது, நீட்டிப்பு வந்தது. மூன்றாவது வருடம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உள்ளூர் விசாரணையில் தம்பதியர் சேர்ந்து வசிப்பதாக உறுதிப்படவில்லை, பதினைந்து நாட்களுக்குள் தகுந்த ஆதாரங்களைச் சமர்ப்பிக்கவும், இல்லையேல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று.

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்பார்கள். எங்கள் நிலையத்து ரைட்டர் ஐம்பது வயதுள்ள ஒரு பெண் ஏட்டு. முதலில் காட்ட மாட்டேன் என்றார். நான் போகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"கீழ் வீட்டில் குடியிருக்கும் மனைவியின் சகோதரரை விசாரித்ததில், மேற்படி வெளிநாட்டு நபர் எப்போதாவது வந்து செல்வதாகவும், தன் தங்கை தனியாகவே வசித்து வருவதாகவும் தெரிவித்தார்." அதன் கீழே அண்ணனின் கையெழுத்து.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுனா பிரச்சனையா?" என்று ரைட்டர் கேட்டார்.

"இதுவரைக்கும் இல்ல மேடம்," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ் வீட்டுக்குள் போனேன். அண்ணன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறையில் இருந்தார்.

"போலீஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஆமா, சொன்னேன். என் பொண்ணுக்கு இதுவரைக்கும் மூணு எடம் வந்துச்சு. மூணு பேரும் வாசல்ல நின்னு மேலதான் பாத்தாங்க. மேல யாருன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லணும்ங்கற?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்னு சொல்லணும்."

"நீ சொல்லிடுவ. கல்யாணம் நிக்கறது என் வீட்ல."

"அவரை நாட்டை விட்டே அனுப்பிடுவாங்கண்ணே. அது தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

அவர் ரிமோட்டை எடுத்தார். மறுபடியும் தொலைக்காட்சியைப் போட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அழுதுகொண்டு மாடி ஏறவில்லை. ஏறும்போதே ஒன்றைத் தீர்மானித்துவிட்டேன். விசா நீட்டிப்பு மட்டும் எனக்குப் போதாது. எந்தக் கையால் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டாரோ, அதே கையால் உண்மையையும் அவரே எழுத வேண்டும். நாலு பேர் முன்னால் எழுத வேண்டும்.

கல்லூரியில் பத்து நாள் விடுப்பு சொன்னேன். ஆதாரம் சேர்ப்பது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வாடகை ஒப்பந்தம் கிடையாது, அப்பா கட்டிய வீடு. அப்பா இறந்தபின் பட்டா மாற்றவில்லை. மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருந்தது. மின் கட்டண அட்டையின் நகல் கேட்டதற்கு, "தேடணும்" என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினார். திருமணச் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது கல்யாணம் ஆனதற்குத்தான் சாட்சி, சேர்ந்து வாழ்வதற்கு இல்லையாம்.

ஒரு குடும்பம் ஒரே வீட்டில் இருக்கிறது என்பதற்கு அப்படி என்னதான் தாள் இருக்கும்? இணையத்தில் வாங்கிய பொருட்களின் ரசீதுகளில் அவர் பெயரும் எங்கள் முகவரியும் இருந்தவற்றை அச்செடுத்தேன். அவருக்குப் பல் பிடுங்கிய டாக்டரின் சீட்டு. கண்ணாடிக் கடையில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் போட்ட பில். விசாரணைக்கு மறுபடி வந்தால் காட்டலாம் என்று அலமாரியில் அவர் சட்டைகளும் என் புடவைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் புகைப்படம் எடுத்தேன். குளியலறையில் இருந்த இரண்டு பல் துலக்கும் பிரஷ்களைப் படம் பிடிக்கப் போனபோதுதான் போனைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பதை நெருங்கும் ஒருத்தி, மாதச் சம்பளம் வாங்குகிறவள், தன் வீட்டு பிரஷைப் படமெடுத்து அதிகாரிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கீழே தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரஷ்களை இன்னும் நெருக்கமாகச் சாய்த்து வைத்து நான்கு படம் எடுத்தேன்.

அக்கம்பக்கத்தில் இரண்டு பேராவது கடிதம் தர வேண்டும். எதிர்வீட்டு அக்கா வெள்ளானூரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்கள் பயிர் வைத்திருந்த இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. மகன் வேன் ஓட்டுகிறான், அக்கா வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை மாவுக்குள் அப்படியே விட்டுவிட்டார்.

"யார்மே சொன்னது அந்தப் புள்ள இங்க இல்லன்னு? தெனம் காலைல வந்து என் கடைக்குத் தேங்கா துருவிக் குட்த்துட்டுப் போவுதே, அது இன்னா ஆவியா?"

"எங்க அண்ணன்தான் சொன்னாருக்கா."

அக்கா எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார். "இன்னா எழுதணும் சொல்லு. நான் கையெழுத்து நல்லாவே போடுவேன். டேசனுக்கு வரணுமா? கடைய மூடிட்டு வரேன். எவன் கேட்டாலும் சொல்றேன், இந்த ஊட்லதான் கீது அந்தப் புள்ளன்னு."

ஜன்னல் ஓரத்தில் அண்ணியின் நிழல் ஆடியதைப் பார்த்தேன். எனக்கு இனித்தது. அக்கா மெதுவாகப் பேசியிருக்கலாம், நானும் உள்ளே போய்ப் பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மாலைதான் மருத்துவமனை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் அப்பா பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்து இறந்துபோனார். வேலைக்குப் போகாதவர் என் கணவர் ஒருவர்தான் என்பதால் அப்பாவுடன் இருந்தது அவர்தான். ஒரு வருடம் தன்னோடு பேசாமல் இருந்த மனிதருக்கு முகம் மழித்துவிட்டார், கஞ்சி ஊட்டினார், படுக்கையில் மலம் துடைத்தார். அண்ணன் இரண்டு முறை வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். அதற்குள் அப்பாவால் எதையும் விழுங்க முடியாமல் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் பூந்தமல்லிக்குப் போய், மருத்துவப் பதிவேடுகள் வைத்திருக்கும் அறையில் மகள் என்று அடையாள அட்டையைக் காட்டி அப்பாவின் கோப்புக்கு நகல் கேட்டேன். மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்து ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஸ்கேன் எடுக்க ஒப்புதல், ரத்தம் ஏற்ற ஒப்புதல், டயாலிசிஸுக்கு ஒப்புதல். எல்லாவற்றிலும் என் கணவரின் கையெழுத்து. முகவரி, வெள்ளானூர். உறவு என்ற இடத்தில் நர்ஸின் கையெழுத்தில் "மருமகன்" என்று இருந்தது. ஏழு இடத்தில்.

எட்டாவது நாள் பக்கத்தில் நர்ஸ் குறிப்பு ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. மாலை நான்கரை மணிக்கு மூச்சுத்திணறல் அதிகமானது, வென்டிலேட்டர் வைக்க மகனின் ஒப்புதலுக்காக இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை, மகள் வந்துகொண்டிருக்கிறார், மருமகன் உடன் இருந்து கையெழுத்திட்டார்.

மகள் வந்துகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் பேருந்து நகரவே இல்லை. ஆனால் அதைப் பற்றி அந்த நிமிடம் நான் யோசிக்கவில்லை. "மகன் போனை எடுக்கவில்லை" என்ற வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்தான். வெகுநாளாகத் தேடிய ஆயுதம் கையில் கிடைத்ததைப் போன்ற சந்தோஷம். பேருந்து நிலையத்துக் கடையில் ஒரு பாதாம் பால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுக்குவது என் தொழில். தேதி வாரியாகப் பிரித்து, பக்க எண் போட்டு, முன்னால் பட்டியல் வைத்துக் கோப்பைத் தயாரித்தேன். நர்ஸ் குறிப்பை மஞ்சள் மையால் கோடிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே முதல் பக்கமாக வைத்தேன். என் கணவர் புரட்டிப் பார்த்தார். அந்தத் தாள் வந்ததும் நிறுத்தினார்.

"இத்த எட்த்துடு."

"ஏன்?"

"மத்ததே போதும். ஏழு கையெழுத்து கீது. எதிர்வீட்டு அக்கா லெட்டர் கீது. இது ப்ரூஃப் இல்ல. இது அடி."

"அடிதான்."

"மச்சான் பாவம்."

"உங்களை நாட்டை விட்டு அனுப்பப் பாத்தவருங்க அவரு."

"பயந்து சொல்லிட்டாரு. பொண்ணு கல்யாணம்னா எல்லா அப்பனும் பயப்படுவான். எங்க ஊர்லயும் அப்டித்தான்." தாளை உருவி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, அதே இடத்தில் திரும்ப வைத்துப் பஞ்ச் செய்தேன். அன்று அவர் செய்திருந்த மீன் குழம்பை இருவரும் தனித்தனி நேரத்தில் சாப்பிட்டோம். சேர்ந்து வாழ்வதை நிரூபிக்கும் கோப்பு மேசையில் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனோம். ரைட்டர் அண்ணனுக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் மேசைக்கு முன்னால் நின்றோம். பைக் காணாமல்போன புகாருக்காக இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா சொன்னபடியே கடையை மூடிவிட்டு வந்து கதவருகே நின்றிருந்தார்.

ரைட்டர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார். "மகனுக்கு ரெண்டு தடவ போன் போட்ருக்காங்க, எடுக்கல. மருமகன் கூடவே இருந்து கையெழுத்து போட்ருக்காரு." பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "மகன் நீங்கதான சார்?"

அண்ணனின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பேறியது. பெஞ்சில் இருந்த இருவரும் பைக்கை மறந்து அவரையே பார்த்தார்கள்.

"ஆமா," என்றார்.

"அப்ப இவரு எப்பனா வந்துட்டுப் போறவருன்னு எப்படி சார் எழுதிக் குடுத்தீங்க? பொய் வாக்குமூலம்னா என்னா ஆவும்னு தெரியுமா?"

"தெரியாம சொல்லிட்டேன் மேடம். மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

ரைட்டர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அண்ணன் நின்றபடியே குனிந்து எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். "மேற்படி வெளிநாட்டு நபர் மேல்மாடியில்" என்று எழுதியிருந்தார்.

"நபர் இல்ல," என்றேன். "என் தங்கையின் கணவர்னு எழுதுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். ரைட்டர் வேறு தாள் கொடுத்தார். அண்ணன் மறுபடி முதலிலிருந்து எழுதினார். என் தங்கையின் கணவர் மூன்று ஆண்டுகளாக மேல்மாடியில் என் தங்கையுடன் வசித்து வருகிறார்.

"எங்கள் தந்தையை மருத்துவமனையில் உடனிருந்து கவனித்துக்கொண்டவரும் அவரே. அதையும் எழுதுங்கண்ணே."

"அது எதுக்கு இதுல?" அண்ணன் பேனாவை நிறுத்தினார்.

"அதுதான் சார் இருக்கறதுலயே பெரிய ஆதாரம்," என்றார் ரைட்டர். "எழுதுங்க."

என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "போதும்மே," என்று மெல்லச் சொன்னார். நான் நகரவில்லை. கடைசிப் புள்ளி வரைக்கும் பார்த்தேன். "அவரே" என்ற சொல் கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருடைய ஹெல்மெட் பெஞ்சிலேயே இருந்தது. என் கணவர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்ப, இவர் வண்டியின் பின்னால் நின்று போக்குவரத்தைக் கை காட்டி நிறுத்தி, அவர் சாலையில் திரும்ப வழி செய்து கொடுத்தார். எனக்கு இவர்மேலும் கோபம் வந்தது.

"நல்லா வெச்ச பாரு," என்று எதிர்வீட்டு அக்கா மட்டும் என் தோளைத் தட்டினார்.

மூன்று வாரத்தில் நீட்டிப்பு வந்தது, ஒரு வருடத்துக்கு. அண்ணன் அதன்பிறகு படியில் எதிர்ப்படும்போது ஓரமாக ஒதுங்கி நிற்க ஆரம்பித்தார். என்னைக் கண்டால் தரையைப் பார்க்கிறார். என் கணவர் வழக்கம்போல் "சாப்ட்டீங்களா மச்சான்?" என்கிறார். அண்ணன் இப்போதெல்லாம் "ம்" என்கிறார். அண்ணன் மகளுக்கு அம்பத்தூரிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. மேலே யார் என்று அவர்களும் கேட்டார்களாம். என் அத்தையும் மாமாவும் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாளாம். அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் சரி என்றார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சரி என்றார்கள்.

போன வாரம் மாடியில் மிளகாய் காயப்போட அண்ணி வந்தார். ஸ்டேஷன் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாக நின்றது அன்றுதான். மிளகாயைப் பரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு அவரு போனை எடுக்காம இருந்தது எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நான் ஓரத்தில் சிதறிய மிளகாய்களை உள்ளே தள்ளினேன்.

"ஆஸ்பத்திரி வாசல்லதான் இருந்தாரு. அந்த எதுத்தாப்புல டீக்கடை. மூணு நாளா அப்படித்தான். ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வருவாரு, உள்ள போக முடியாம அங்கயே உக்காந்துட்டு வந்துடுவாரு. அப்பாவை அந்தக் குழாயோட பாக்கப் பயம். ஒப்புதல் கேப்பாங்கன்னு பயம். போன் அடிக்க அடிக்கப் பாத்துக்கிட்டே இருந்தாராம். என்கிட்ட சொல்லி அழுதாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார், மிளகாய் நெடியாகவும் இருக்கலாம். "நீ அதைப் போய் போலீஸ் முன்னாடி படிக்க வெச்ச."

"ரைட்டர்தான் படிச்சாங்க," என்றேன்.

"முன்னாடி வெச்சது நீதான?"

ஆமாம் என்றேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். டீக்கடை எனக்குத் தெரியும். நீல நிற பெஞ்சு, பக்கத்தில் ஒரு பழக்கடை. அங்கிருந்து பார்த்தால் அப்பா இருந்த மாடியின் ஜன்னல் தெரியும். அண்ணன் அங்கே கையில் போனோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முதலிலேயே தெரிந்திருந்தாலும் அந்தத் தாளை அதே இடத்தில்தான் வைத்திருப்பேன். அப்பாவைப் பார்க்கப் பயந்தார், சரி. அதே நேரத்தில் உள்ளே ஒருவர் பயப்படாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் அண்ணன் இங்கே இல்லாதவர் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணி சொன்னதை என் கணவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே கீழே இறங்கிப் போய் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கையைப் பிடித்துக்கொண்டு, "வுடு மச்சான்," என்பார். அண்ணன் அழுவார், இவரும் அழுவார், அதோடு எல்லாம் முடிந்துபோகும். எனக்கு அது இன்னும் முடிய வேண்டாம்.